ஆணி அடிக்கக் கூடாத சுவர்

ஊரார் அனைவருக்கும் மிகுந்த மரியாதையுடன் அறிவித்துக்கொள்வது என்னவென்றால்... எங்கள் தெரு மாடி போர்ஷனின் ஹால் சுவர் பூரண நலத்துடன் இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. ஒரு ஓட்டை இல்லை. பெயின்ட் கூட உதிரவில்லை.

கௌரி அக்காதான் இல்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், போன வாரம் ஆம்புலன்ஸில் படுத்தபடி திரும்பி வந்தார். இத்தனை நாள் எழுத வரவில்லை. இன்றைக்குக் கோபத்தில் வருகிறது.

தெரியாதவர்களுக்கு... அக்கா கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு துணிக்கடையில் சேல்ஸில் இருந்தார். அவர் வீட்டுக்காரர் சேகர் அண்ணன், வடக்கனந்தல் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மூன்றாவது படிக்கும் ஒரே பெண், யாழினி.

அந்த மாடி போர்ஷனுக்கு ஒரே ஒரு சட்டம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

ஹவுஸ் ஓனர் வேறு எதையும் தெளிவாகச் சொல்ல மாட்டார். மோட்டார் எப்போது போடுவீர்கள் என்று கேட்டால் கூட “பாக்கலாம்” என்பார். ஆணி கூடாது என்பதை மட்டும் ஆணித்தரமாகச் சொல்வார்.

வேறு யாராக இருந்தாலும் மொட்டைச் சுவரைப் பார்த்தபடி காலம் தள்ளியிருப்பார்கள். அக்கா ஒரு ஆணி கூட இல்லாமல் அந்த வீட்டை ஜோடித்தார்.

கடையில் மிஞ்சும் பிட் துணிகளை ஒட்டுப்போட்டு, நாடா தைத்து, ஜன்னல் கம்பியிலேயே கட்டினால்... ஸ்கிரீன். பழைய சூட்கேஸ்களை அடுக்கி, மேலே மெத்தையை மடித்துப் போட்டு, ஒரு சுங்குடிப் புடவையால் மூடினால்... சோபா. கல்யாணப் பத்திரிகையில் வரும் தங்கக் கலர் மயிலையும் மாங்காய் டிசைனையும் வெட்டியெடுத்து, மைதா பசை காய்ச்சி, சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்.

“காலி பண்ணும்போது ஈரத்துணி வெச்சித் தொடச்சா வந்துடும்டா. ஒட்ன தடமே தெரியாது.”

ரேஷன் அரிசிச் சாக்கை வெட்டி, அதில் உல்லன் நூலில் பூப்போட்டு டிவிக்குக் கீழே விரிப்பார்.

“அக்கா, இது டெக்கரேஷன் இல்ல... டெக்-ரேஷன்!”

“பேசிகினே இருக்காதடா. இந்த ஊசில நூலு கோத்துக் குடு, கண்ணு தெரில.”

கோமுகி அணைக்குப் போனபோது பிடுங்கி வந்த நாணல் பூவைக் காலி பாட்டிலில் செருகி மூலையில் வைத்திருந்தார். ஒருநாள் அதை எடுத்து மாடிப்படியைப் பெருக்கி, “பூ சூப்பரா பெருக்குதுக்கா” என்றேன். அவர் கத்தவில்லை. “அப்டியே கீழ வரைக்கும் பெருக்கிடு” என்று மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். பெருக்கினேன். கிண்டல் பண்ணப் போய் வேலை வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் நான்தான்.

சரி... கோபத்துக்கு வருகிறேன்.

நேற்று அக்காவின் படம் ஃபிரேம் போட்டு வந்தது. பெரிய படம், கண்ணாடி போட்டது, கனம். சேகர் அண்ணன் ஹவுஸ் ஓனரிடம் போய்க் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

“ஒரே ஒரு ஆணிங்க. படம் மாட்டணும்.”

“வருத்தந்தான் சேகரு. ஆனா ஒருத்தருக்கு வுட்டா, கீழ் போர்ஷன்காரங்களும் அடிப்பாங்க. ஸ்டூல் மேல வெச்சிக்கயேன், இன்னா இப்ப?”

கீழ் போர்ஷன்காரர்களும் அடிப்பார்களாம்! அதற்கு அவர்கள் வீட்டிலும் ஒருவர் சாக வேண்டாமா சார்?

இந்த ஹவுஸ் ஓனர் வீட்டு ஹாலைப் பார்த்திருக்கிறீர்களா? சால்வை போட்ட படம், சால்வை வாங்கிய படம், யாரோ ஒருவர் பக்கத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற படம்... சுவரே தெரியாது. அத்தனையும் ஆணியில்தான் தொங்குகிறது. அந்த வீட்டில் நிறையச் சாப்பிட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

படம் ஸ்டூல் மேல் ஏறியது. ஃபேன் போட்டால் மாலை பறக்கிறது. மாலை இழுக்க, படம் குப்புற விழுகிறது. யாழினி ஓடி வந்து நிமிர்த்தி வைக்கிறாள். மறுபடி விழுகிறது.

சாயங்காலம் மேலே போனேன். அவள் ஒரு கிண்ணத்தில் மைதாவைக் கரைத்து, ஃபிரேமின் பின்பக்கம் தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா இப்டித்தாண்ணா ஒட்டுவாங்க. நிக்க மாட்டேங்குது.”

கண்ணாடியில் ஓரமாக ஒரு விரிசல் விழுந்திருந்தது. சுவரில் ஈர மாவு வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு... “நீ எழுந்திரு. நாளைக்குக் காலைல நான் அடிக்கிறேன் ஆணி. யாரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்” என்றேன்.

நான் யார்? ஸ்கூலில் கிளாஸ் நடக்கும்போதே லாங் பெல் அடித்தவன். கட் அடித்தவன். லூட்டி அடித்தவன். பிட் அடித்தவன். ஒரு ஆணி அடிக்க மாட்டேனா? ஹவுஸ் ஓனர் என்ன பெரிய...

இன்று காலை பீரோவுக்குப் பின்னாலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். எதிரில் ஹவுஸ் ஓனர்.

“சுத்தி இன்னாத்துக்குடா?”

“தே... தேங்கா ஒடைக்கப்பா.”

ஆமாம். அந்தக் கடைசி ‘ப்பா’ டைப்பிங் மிஸ்டேக் இல்லை. ஹவுஸ் ஓனர் எங்க அப்பாதான். இந்தப் பதிவு அவர் கண்ணில் படாதபடி மறைத்துத்தான் போட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் ஷேர் பண்ண வேண்டாம்.

தேங்காயை உடைத்தேன். சட்னி ஆனது. சாப்பிட்டேன்.

அப்புறம் மாடிக்குப் போனேன். யாழினி ஸ்டூல் பக்கத்தில் படத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பார்த்தாள். வெறும் கை.

போய்ட்டு வாங்கக்கா... ஃபேனை மட்டும் ஆஃப் பண்ணிட்டு வந்தேன்.