கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டி

கண்ணாடிக் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மெதுவா’ என்றுதான் சொல்வார்கள். ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கினால் ஐந்தடி தள்ளி நின்று “மெதுவா, மெதுவா” என்பார். டீ கிளாஸை மேஜையில் வைப்பவனிடமும் அதையே சொல்வார். முப்பது வருடமாகக் கண்ணாடி வெட்டும் கை அவருடையது. ஒரு கீறல், ஒரு தட்டு, கோடு பிசகாமல் பிளந்து வரும். அந்தக் கைக்கும் அவருடைய பயத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

பயம் வந்த கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மூன்று நாளாகச் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு கண்ணாடி, யாரும் தொடாமல், காற்றுகூட அசையாத ஒரு மத்தியானத்தில் தானாகப் பிளந்தது. அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு இரண்டு விரல் போயிற்று. கண்ணாடி சொல்லிக்கொண்டு உடைவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட எதுவும் அதை மறக்கடிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டில் மூன்று கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஐந்நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் என்றபோது கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவுக்காகத்தான் செய்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நடை போயிற்று, எழுந்து உட்கார்வதும் போயிற்று. அவர் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு அந்த அறையில் ஒரு மின்விசிறி இருந்தது. “இன்னிக்கு உன் ஃபேன் மூணு தடவை முனகிச்சுடா” என்று சாயங்காலம் அவரிடம் கணக்கு ஒப்பிப்பாள்.

போன குளிர்காலத்தில், மேட்டுப் பகுதியில் இருந்த ஒரு மீன் பண்ணைக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டப் போனார். குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே வாழும் ட்ரவுட் மீன்களை வளர்க்கும் இடம் அது. வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் மூன்று வகையைத் தனித்தனிப் பைகளில் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவருக்கு அந்த ஃபேன் நினைவு வந்தது. தொட்டி செய்துவிட்டு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியைத் தானே வெட்டி, சிலிக்கான் பசையால் தானே ஒட்டி, தண்ணீரைப் பதின்மூன்று டிகிரியில் வைக்கும் மெஷினும் பொருத்திய பிறகு போய் மீன்களை வாங்கி வந்தார்.

பெயர் வைத்தது அக்கா. பக்கவாட்டில் ரோஸ் நிறக் கோடு ஓடும் வானவில் ட்ரவுட் நான்குக்கும் சேர்த்து ‘லிப்ஸ்டிக்காரிகள்’. கல்லுக்கடியில் பதுங்கிக் கிடந்து, தீனி நேரத்துக்கு மட்டும் வெளியே வந்து எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும் பழுப்பு ட்ரவுட் ‘வீட்டு ஓனர்’. வரும்போதே ஒரு சாண் இருந்தது, இப்போது ஒன்றரை. ஓடை ட்ரவுட் இரண்டும் பொடிசு. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், உடம்பெல்லாம் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. பெரிது ‘பெரிய புள்ளி’, சிறிது ‘சின்னப் புள்ளி’. அந்தத் தொட்டியைத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். வலது கையைக் கண்ணாடியில் வைத்தால் இரண்டும் விரல் நுனிக்கு வந்து நிற்கும்.

அதுதான் அவருக்குப் பயம். தொட்டி பிளந்தால் மற்றவர்கள் ஓடுவார்கள். அக்கா ஓட மாட்டாள். அவள் தலைக்கு ஒரு முழத்தில் அரை டன் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். “என்னடா, நாடி பிடிக்கிறியா” என்பாள் அக்கா.

முதல் மழை வந்த மறுநாள். மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பிய அவர் மனைவியிடம் சொல்லி, மாதக்கணக்கில் சாத்தியே கிடந்த ஜன்னலை அக்கா திறக்க வைத்திருந்தாள். மழை பார்க்க வேண்டுமாம். மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்க வந்த மெதுவா, செருப்பைக் கழற்றியவர், அப்படியே நின்றார்.

தொட்டியின் அடியிலிருந்து ஒரு தண்ணீர்க் கோடு கிளம்பி, தரையில் வளைந்து, கட்டில் காலைத் தொட்டிருந்தது.

“எப்பலேருந்து?”

“காலையிலேருந்து. சொன்னா பயப்படுவ. அதான் ஃபோன் பண்ணலை.”

குனிந்து பார்த்தார். மூலையில் சிலிக்கான் ஓரமாக ஒரு சொட்டு திரண்டது, கனத்தது, விழுந்தது. அதே இடத்தில் இன்னொன்று. தன் கை ஒட்டிய ஒட்டு. இத்தனை வருடக் கை.

“அசையாத, அக்கா.”

“நான் எங்கடா அசையறது.”

கட்டிலுக்குச் சக்கரம் கிடையாது. அவளோடு சேர்த்தே இழுத்தார். கால்கள் தரையில் கிறீச்சிட்ட ஒவ்வொரு தடவையும் கண்ணாடிதான் என்று நினைத்து நின்றார். எதிர்ச்சுவர் வரை கொண்டுபோய்விட்டார். இப்போது அவள் கண்ணுக்கு நேரே பீரோக் கதவு.

“இங்க என்னடா இருக்கு எனக்கு? ஐஸ் தண்ணியாவது குடு.”

ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தார். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, வாயால் உறிஞ்சி, மறு முனையைக் குளியலறைக்குள் விட்டார். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மீன்களை எங்கே விடுவது? லிப்ஸ்டிக்காரிகள் வலையைக் கண்டாலே துள்ளி வெளியே குதிப்பார்கள், மூடியைத் திறக்க முடியாது. நடுத் தொட்டியின் மூடி சுலபம்.

வலை தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்ப முடியாத அக்கா பீரோவைப் பார்த்தே பேசினாள். “எதுல விடற?”

“நடுவுல.”

“டேய். அங்க ஓனர் இருக்கான்.”

“காலையில தின்னுட்டான். ஒரு மணி நேரம்தானே.”

“தம்பி, நான் சொல்றதைக் கேளு. பக்கெட்ல போடு.”

“பக்கெட் தண்ணி சூடாயிடும், அக்கா.”

அது உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. எது கைக்கு அருகில் இருந்ததோ அதைச் செய்துவிட்டு, அந்த மூலைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது அவருக்கு. பெரிய புள்ளி, சின்னப் புள்ளி இரண்டையும் நடுத் தொட்டியில் விட்டு மூடினார். கல்லுக்கடியில் ஒன்றும் அசையவில்லை.

பிறகு கடைப் பழக்கப்படி செய்தித்தாளை நாடா நாடாவாகக் கிழித்து, தொட்டியைத் துடைத்து, ஒட்டு நெடுகிலும் ஒட்டினார். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு. மண்டியிட்டுக் காத்திருந்தார். முதல் தாள் நனைந்தது. இரண்டாவதும் நனைந்தது. பின்பக்கத் தாளும் நனைந்தது. ஒட்டே இல்லாத நடுக் கண்ணாடியிலும் முத்து முத்தாக ஈரம் பூத்தது. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கசியும் தொட்டியை அவர் பார்த்ததில்லை. மொத்தமாகப் பிளக்கப்போகிறது என்றே நினைத்தார்.

“டேய்” என்றாள் அக்கா. “என் டம்ளரும் ஒழுகுதுடா.”

“என்ன?”

“ஸ்டூல்ல இருக்கு பாரு. ஐஸ் தண்ணி டம்ளர். அதுக்கும் அடியில ஈரம்.”

பார்த்தார். எவர்சில்வர் டம்ளர். ஒட்டு இல்லை, மூலை இல்லை, கசிய வழியே இல்லை. உடம்பெல்லாம் வியர்த்து, ஸ்டூலில் ஒரு வட்டம் போட்டிருந்தது. திரும்பித் தொட்டியைப் பார்த்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல, உள்ளே தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும்தான் ஈரம். அதற்கு மேலே காய்ந்திருந்தது. மற்ற இரண்டு தொட்டிகளும் அப்படியே வியர்த்து நின்றன, இவ்வளவு நேரம் அவர் கண்ணில் படவில்லை. வெயில் மாதங்களில் வராதது, மழைக் காற்று உள்ளே வந்ததும் வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம்.

குழாயைப் பிடுங்கினார். நடுத் தொட்டிக்குப் போனார்.

ஓனர் வெளியே வந்திருந்தது. தொட்டி நடுவில், அசையாமல், வழக்கமான அந்தப் பார்வையோடு. வாயோரத்தில் சின்ன வால் ஒன்று இரண்டு தடவை அடித்தது. பிறகு அதுவும் உள்ளே போயிற்று. பெரிய புள்ளி மேல் மூலையில், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை வலையில் அள்ளி, பாதித் தண்ணீர் நின்ற அதன் தொட்டியிலேயே விட்டார். வலை கையில் சொட்டியது.

“எத்தனை?” என்று பீரோவிடம் கேட்டாள் அக்கா.

“ஒண்ணு.”

அவளுக்குச் சாப்பாடு ஊட்ட ஸ்பூனை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

“கட்டிலைத் திரும்பப் போடு” என்றாள்.

“அக்கா, இன்னிக்கு வியர்வை. நாளைக்கு நிஜமாவே கசிஞ்சா? இந்த ஈரத்துல எனக்கு எப்படித் தெரியும்?”

முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டதுபோல இருந்தது. இனி மழைக்காலம் முழுக்கத் தொட்டி நனைந்தேதான் நிற்கும். நிஜக் கசிவு அந்த ஈரத்துக்குள் ஒளிந்துகொண்டு வரலாம்.

“எனக்குத் தண்ணியில பயமில்லைடா. இந்தப் பீரோவைப் பார்த்துட்டே நாள் போயிடுமோன்னுதான் பயம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “பாதித் தண்ணியோட இருக்கட்டும். அதுவும் இப்ப ஒத்தைதானே. பேப்பரைக் கிழிச்சு நாலு பக்கமும் ஒட்டிட்டுப் போ. கண்ணாடி வழியா நான் பார்த்துக்கறேன். ஒரு பக்கம் மட்டும் அதிகமா நனைஞ்சா உனக்கு ஃபோன். எனக்கு வேற என்ன வேலை?”

நாலு பக்கமும் தாள் ஒட்டிவிட்டுக் கட்டிலை இழுத்துப் போட்டார். பழைய இடத்துக்கு ஒரு சாண் குறைவாக நிறுத்தினார். “இன்னும்” என்றாள். இழுத்தார். ஜன்னலைச் சாத்தப் போனவரைக் கண்ணாலேயே தடுத்தாள்.

கடைக்குப் போன பிறகு, மணிக்கு ஒரு தடவை ஃபோன் செய்தார்.

“நாலு பக்கமும் நனைஞ்சிருக்கு. போய் வேலையைப் பாரு.”

அடுத்த மணி. “அதே நாலு பக்கம்.”

மூன்றாவது தடவை அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வெட்டுவதற்குப் போட்ட கண்ணாடி மேஜையில் கிடந்தது, கீறல் பாதியில் நின்றது. கடைப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். செருப்பை மாட்டினார். மறுபடி அடித்தார். ஆறாவது ரிங்கில் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

“அக்கா. அக்கா, என்ன ஆச்சு?”

“மெதுவாப் பேசுடா” என்றாள், ரகசியம் சொல்கிற குரலில். “பெரிய புள்ளி விரல்கிட்ட வந்து நிக்குது.”