நடுக்கம் நின்ற மத்தியானம்

நனைந்த மூங்கில் தட்டியின் புளித்த வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். தங்கவயலுக்கு மின்சாரம் வராத காலம் அது. மாரிக்குப்பம் பக்கம் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசையாக நின்ற குடிசைகளை 'லைன்' என்போம். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நாங்களும் அங்கேதான் இருந்தோம். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடுவேன். எனக்கு ஒன்பது வயது, எங்கள் நாய் செவலைக்கு இரண்டு.

மார்கழி பிறந்த வாரம், மூன்று நாளாக விடாத தூறலும் எலும்பைத் துளைக்கும் காற்றுமாக இருந்த ஒரு காலையில், செவலை மேஸ்திரி வீட்டுக் கோழியைக் கவ்விவிட்டது. யார் எந்த 'ஷிப்டு'க்கு இறங்குவது என்பது அந்த மேஸ்திரியின் வாயில் இருந்தது. அவர் செவலையைத் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, "சாயங்காலம் வரைக்கும் எவனும் அவுக்கக் கூடாது" என்றார். நைனா கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க" என்றார். அந்தச் 'சரிங்க'வை நான் மன்னிக்கவில்லை.

முதலில் செவலை உடம்பெல்லாம் உதற, வாலை வயிற்றுக்குள் இடுக்கிக்கொண்டு முனகியது. நான் ஒரு சாக்கைக் கொண்டுபோய்ப் போர்த்தினேன்; மேஸ்திரி அதை உருவி எறிந்தார். மத்தியானம் மறுபடி போனபோது நடுக்கமும் இல்லை, முனகலும் இல்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் மெல்லத் திருப்பியது. ஓடிவந்து நைனாவிடம் சொன்னேன்.

"பாத்தியா, குளிரு பழகிப்போச்சி அதுக்கு. போய்ச் சாப்புடு."

நானும் நம்பி, நிம்மதியாகக் கூழ் குடித்தேன். அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

துரை பங்களாவில் துணி துவைத்துவிட்டு வந்த அம்மாவிடம், "செவலைக்குக் குளிரே இல்லம்மா" என்று நான் சொன்னதுதான் தாமதம், அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். நைனாவும் நானும் பின்னால் ஓடினோம். அம்மா அதன் காதைத் தொட்டாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கால்கள் விறைத்திருந்தன.

"நடுக்கம் நின்னா சூடு வந்துச்சின்னு அர்த்தமா? நடுங்கறதுக்கே தெம்பு இல்ல அதுக்கு!" நைனாவின் பக்கம் திரும்பினாள். "சின்னவ அழுகைய நிறுத்தினப்பவும் இப்படித்தானே சொன்ன? தூங்குதுன்னு சொன்ன!"

முந்தைய மார்கழியில் பிறந்த என் தங்கை எட்டாம் நாளே போய்விட்டாள். எதனால் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்றுதான் தெரிந்தது.

அம்மா பக்கத்துக் குடிசையில் அரிவாளை வாங்கிக் கயிற்றை அறுத்தாள். "இன்னா, திமிரா?" என்று மேஸ்திரி வந்தார்.

"ஆமா, திமிருதான். நீ வந்து இந்தக் கம்பத்துல நில்லு, ஒம்மேல ரெண்டு வாளி ஊத்தறேன்."

செவலையை வீட்டுக்குத் தூக்கிவந்து, அடுப்பை ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் படுக்க வைத்து, சேலையால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நைனாவின் கம்பளியைச் சுற்றினாள். செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் பொதிந்து வயிற்றோரம் வைத்தாள். "தேய்க்காத, மொதல்ல நெஞ்சுல சூடு ஏறட்டும்" என்று, காலைத் தேய்க்கப்போன என் கையைத் தட்டிவிட்டாள். வெகுநேரம் கழித்து அதன் தோள் துடித்தது, பிறகு உடம்பு முழுக்க உதறியது.

"அம்மா, திரும்பவும் நடுங்குது!" என்று அலறினேன்.

"நடுங்கட்டும்டி. நல்லா நடுங்கட்டும்" என்றபோதுதான் அம்மா அழுதாள்.

செவலை பிழைத்தது, இன்னும் ஆறு வருஷம் இருந்தது. மேஸ்திரி நைனாவை ஒரு மாதம் சுரங்கத்தின் ஆழமான தளத்துக்கே, அந்த அடி 'லெவலு'க்கே இறக்கினார். அதற்கும் அம்மாவைத்தான் நைனா திட்டினார்.

அந்தத் தட்டி வீடுகள் போய் இப்போது செங்கல் வீடுகள் வந்துவிட்டன, தெருவெல்லாம் விளக்கு எரிகிறது, தொட்டி இருந்த இடம் சுரங்கக் கழிவு கொட்டிய மண்மேட்டுக்கு அடியில் போய்விட்டது. மேஸ்திரி எங்கே போனாரோ தெரியாது. நைனாவும் காலமாகிவிட்டார். தங்கையைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. கடைசிவரை நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.