ஆனிக்குள் வாங்கிய டி.சி.

கல்லூரிப் படிப்பைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எங்காவது தவறாக எழுதியிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில், விடுதியில் தங்கி இரண்டு வருடம் படித்தாள். இரண்டாம் வருடம் முடியும்போது மஞ்சள் காமாலை வந்து எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தாள். தேர்வுகளை எப்படியோ எழுதித் தேறியிருந்தாள். மறுபடி அந்த விடுதிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே போய்வரும்படி திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விசாரித்தோம். மூன்றாம் வருடத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அங்கே வாங்கிய கிரெடிட் இங்கே செல்லுமா என்று பாடங்களை ஒத்துப்பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவரை பொறுங்கள் என்றார்கள்.

கிரெடிட் என்றால் என்னவென்று மகளிடம் கேட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று இருக்கும், தேறினால் நம் பெயரில் சேரும் என்றாள். சேர்ந்தது சேர்ந்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்த காலத்தில் ஒன்பதாவது தேறிய பிள்ளை டி.சி.யைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தப் பள்ளியிலும் பத்தாவதில் உட்காரும்.

என் கணவர் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறவர். அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். போனில் சொன்னேன்.

“ஏனுங்க, ஒத்துப்பாத்துச் சொல்றமுன்னு சொல்லியிருக்கறாங்க.”

“சொல்லட்டும். ஆடி பொறக்கப் போவுது. பொறந்துட்டா ஒரு மாசத்துக்குப் புதுசா எதையும் தொட முடியாது. ஆனிக்குள்ள டி.சி.யை வாங்கிப் போட்ரு.”

பக்கத்திலிருந்த மகள் முணுமுணுத்தாள். “தண்ணி எங்க இருக்குதுன்னு பாக்காம அப்பா ஒரு காட்டுலயும் பைப் எறக்க மாட்டாரு. எம் படிப்புக்கு மட்டும் பஞ்சாங்கம் போதுமாம்.”

இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டுப் பஞ்சாங்கத்தைத்தான் எடுத்துப் பார்த்தோம். ஆனி கடைசி வாரத்தில் ஒரு நல்ல நாள் இருந்தது.

பழைய கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் கையெழுத்துப் போடப்போன பேனாவை நிறுத்தினார்.

“அந்த காலேஜ்ல கிரெடிட்டை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாங்களாம்மா?”

நான் மகளைப் பார்த்தேன். “சீக்கிரம் குடுத்துருவாங்க சார்” என்றாள்.

“டி.சி. குடுத்ததும் இங்க பேரை அடிச்சிடுவோம். அப்புறம் திரும்ப வந்து நின்னா சீட் கிடையாது. யோசிச்சுக்கங்க.”

ராகுகாலம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. என் மனதில் அது மட்டும்தான் ஓடியது. தலையாட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மகளின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, கயிற்றை அதன்மேல் சுற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

ஆடி பிறந்தது. புதிய கல்லூரியிலிருந்து போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால், பல்கலைக்கழகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை என்றார்கள். காற்று பகலெல்லாம் கூரைத் தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. மாரியம்மன் கோயிலில் ஓர் உறவுக்கார அம்மா கேட்டார், “புள்ள இப்ப எங்கீங்க படிக்குது?”

பழைய கல்லூரியின் பெயரும் வாயில் வரவில்லை, புதியதும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எங்கேயும் படிக்கவில்லை. கூடப் படித்தவர்கள் அங்கே மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்காமல் மகள் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். தட்டில் சோறு பாதி மீந்தது. மறுபடி காமாலையோ என்று அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். விழி வெள்ளையாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தும் பயம் போகவில்லை.

ஆடி முடியும் தறுவாயில் வரச் சொன்னார்கள். துறைத் தலைவர் ஒரு பெண்மணி. உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் வரவழைத்தார். அந்தக் கரிசனத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மொத வருசப் பாடமெல்லாம் அப்படியே செல்லுமுங்க. ரெண்டாவதுதான் சிக்கல். அந்தக் காலேஜு பாடத்திட்டத்தை அவங்களே போட்டுக்கறாங்க. நாங்க ரெண்டாவதுல நடத்தறதை மூணாவதுல வெச்சிருக்கறாங்க. பாதிக்கு மேல ஒத்து வரலீங்க.”

“எல்லாத்துலயும் பாஸாயிட்டாளுங்களே” என்றேன்.

“பாஸானது நெசந்தானுங்கம்மா. அதை வெச்சு இங்க மூணாவதுல உக்கார வெக்க முடியாதுங்க. ரெண்டாவதுல மறுபடியும் சேரலாம். அதுவும் நாளையோட முடியுது. டி.சி. வாங்காம இருந்திருந்தா அங்கியே தொடர்ந்திருக்கலாம். ஏனுங்க அவசரப்பட்டீங்க?”

காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மகள்தான் சொன்னாள். “ஆடி பொறந்துருமுன்னு வாங்கிட்டமுங்க மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “எங்கூட்லயும் அப்படித்தான் பாப்பாங்க” என்றார்.

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டேன். வண்டி ஓடும் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. “சாமிகிட்டக் குடு” என்றார்; மகளை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார். மகள் போனை வாங்கவில்லை.

மறுநாள், ஆடி முடிவதற்குள்ளேயே, அவள் மறுபடியும் இரண்டாம் வருட வகுப்பில் சேர்ந்தாள்.