குறுக்கே கேட்காதவள்

பட்டன் கடைக்காரிக்குக் கடைத்தெரு வைத்த பெயர் 'முடிஞ்சுதா அக்கா'. அவள் கடைக்கும் பக்கத்து ஜிப் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். இரண்டிலும் பட்டன் உண்டு, ஜிப் உண்டு, நூல்கண்டும் உண்டு. அங்கே பேரம் பேசிக்கொண்டே யாராவது இவள் பக்கம் தலையை நீட்டி, "இது உங்ககிட்ட என்ன விலை?" என்றால், "அங்க முடிஞ்சுதா?" என்பாள். முடியவில்லை என்றால் விலை அவள் வாயிலிருந்து வராது.

ஒருவர் பேரத்தில் இன்னொருவர் குறுக்கே புகக் கூடாது. ஒருவர் பெண் கேட்ட இடத்தில் இன்னொருவர் குறுக்கே கேட்கக் கூடாது. இஸ்லாமிய மார்க்கம் இரண்டையும் சேர்த்தே தடுத்திருக்கிறது. கணவர் இறந்தபின் பதினாறு வருஷம் கடை நடத்தியவளுக்கு முதல் பாதி கைப்பழக்கமாகிவிட்டது. இரண்டாம் பாதி தன்னைத் தேடி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

அதைக் கொண்டுவந்தவர் தையல்காரர். கோட்டுப் பட்டன் வாங்க வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஜிப் கடைக்காரர் அவர் பையனுக்கு என் மகளைக் கேட்டிருக்கார். சரிங்கற மாதிரிதான் பேசியிருக்கேன். ஆனா உங்க பையன்னா எங்களுக்கு இன்னும் சந்தோஷம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அங்க ஏதாவது சாக்குச் சொல்லிடறேன்."

பட்டன் டப்பாவைத் திறந்த கை அப்படியே நின்றது. மகன் மனசு அவளுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் இந்தத் தையல்காரர் மகளைத் தவிர வேறு யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "இப்ப என்ன அவசரம்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். வருகிற வெள்ளிக்கிழமை பெண் கேட்கப் போவதாகத்தான் அவளும் இருந்தாள்.

"அங்க முடிஞ்சுதா அண்ணே?"

"அதான் சொல்றேனே, நீங்க ஒரு வார்த்தை..."

"அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சொல்லக் கூடாது. எனக்காக அங்க எதையும் உடைக்காதீங்க. பொண்ணு சம்மதம் சொல்லிட்டாளா?"

தையல்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அவகிட்ட என்ன கேக்கறது? நல்ல இடம்."

"சட்டைக்கே ஆளை நிக்கவச்சுத்தானே அளவெடுக்கறீங்க? அவளைக் கேளுங்க. சரின்னா அங்கேயே சந்தோஷமா நடத்துங்க."

விஷயம் எப்படியோ மகன் காதுக்குப் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைத் தொடவில்லை.

"அவங்களே வந்து கேட்டாங்களாமே உம்மா? நீ பட்டன் எண்ணிக்கிட்டு இருந்தியா?"

அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். ஒருவழியாகச் சாப்பிட்டு முடித்தான். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றான்.

"ஜிப் கடைப் பையன் என்கூடப் படிச்சவன். நாளைக்கு நான் அவன் முகத்துல முழிக்கணும்ல? நீ செஞ்சதுதான் சரி, விடு."

பெற்ற வயிறு எரிந்தது. அதே நேரம் குளிர்ந்தது.

மூன்றாம் நாள் ஜிப் கடைக்காரர் அவள் கடை வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"பலகைக்கும் காது இருக்கு அக்கா. அன்னைக்குப் பேசினது எல்லாம் கேட்டுச்சு. நேத்து நானே போய், பொண்ணைக் கேட்டுச் சொல்லுங்கன்னேன். வேண்டாம்னுடுச்சு."

"வருத்தமா அண்ணே?"

"இல்லாமலா? என் பையனுக்கு என்ன குறைச்சல்? அதை விடுங்க. எங்க பேச்சை நாங்க திரும்ப எடுத்துக்கிட்டோம். நீங்க தாராளமா கேளுங்க. பதினாறு வருஷத்துல என் கடைக்கு வந்த ஆள் ஒருத்தரைக்கூட நீங்க இழுத்ததில்லை. உங்களை விட்டா நான் யாருக்கு வழி விடப்போறேன்?"

வெள்ளிக்கிழமை அவள் போனாள். தையல்காரரிடம் பேசவில்லை, நேரே பெண்ணிடமே கேட்டாள். பெண் தலையைக் குனியவில்லை.

"கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவேன். அதை நிக்காஹ் ஒப்பந்தத்துலயே எழுதணும்."

தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எழுதிடலாம்மா. வேற?" என்றாள் பட்டன் கடைக்காரி.

"என்னைக் கேட்டீங்க, சரி. உங்க பையனைக் கேட்டீங்களா?"

"அவனை என்னத்தக் கேக்கறது? தெருவுல பாரு, நாலாவது தடவையா இந்தப் பக்கம் போறான்!"

பெண் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல், "அப்ப சரி மாமி, எனக்குச் சம்மதம்" என்றாள்.

கேட்டு வாங்கிய சம்மதம். இப்படி வாய் திறந்து பேசும் ஒருத்தி தன் வீட்டுக்கு வருகிறாள் என்று பட்டன் கடைக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.