பூஜ்யத்துக்குத் திரும்பாத குமிழ்

ஒரு வீட்டில் எது அழுக்கு, எது வீடு என்பதை யார் தீர்மானிப்பது? ஐலா கெத்துனெனின் வாழ்க்கையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்ட வேண்டியிருக்கிறது. அவர் இதைத் தன்னிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. முப்பத்தோரு வருடம் கையில் துணியோடு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பிறந்தது ஈசல்மி என்ற சிறிய ஊரின் பக்கம். இருபது வயதில் குவோப்பியோ நகரத்துக்கு வந்து, ஒரு பால் தொழிற்சாலையின் கிடங்கில் சீஸ் வட்டுகளைப் புரட்டிப் போடும் வேலையில் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாடு முழுக்க வேலைகள் கொத்துக் கொத்தாகப் போனபோது அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. தீப்பிடித்த கட்டடங்களைச் சுத்தம் செய்து மீட்டுக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார். அங்கிருந்த மேலாளர் கேட்டது ஒரே கேள்வி.

"நாத்தம் தாங்குவியா?"

"எட்டு வருஷம் சீஸ் கிடங்குல இருந்தேன்."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா."

ஐலாவைப் பெரிய மனசுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார். ஆனால் வேலை தெரியும். நெருப்பு அணைந்ததும் வீட்டுக்காரர்கள் முதலில் செய்வது ஈரத்துணியை எடுப்பதுதான். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிட ஆறுதலில் கரி சுவருக்குள் இறங்கிவிடும். பிறகு எத்தனை பூச்சு அடித்தாலும் மஞ்சளாகக் கசியும். கரியை முதலில் உலர்ந்த ரப்பர் பஞ்சால்தான் எடுக்க வேண்டும். அழுத்தாமல், ஒரே திசையில், ஓர் இழுப்புக்குப் பஞ்சின் ஒரு பக்கம். ஐலா இழுக்கும்போது சத்தமே இருக்காது என்பார்கள்.

சாமான்களை மூன்று குவியலாகப் பிரிப்பது வழக்கம். தேறுவது, தேறாதது, வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியது. மற்றவர்களுக்கு மூன்றாவது குவியல்தான் பெரியது. ஐலாவுக்கு அது சிறியது. ஒருமுறை, விவாகரத்தான ஒருவர் தன் கல்யாணப் படத்தொகுப்பைக் காட்டி "தூக்கிப் போடு" என்றார். அட்டைதான் கருகியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஐலா தூக்கிப் போட்டார். அடுத்த வாரம் அவர் வந்து கேட்டபோது அது இல்லை. "நீங்கதானே சொன்னீங்க," என்றார் ஐலா. சொன்னது உண்மை.

வேலைக்குச் சேர்ந்து முப்பதாவது குளிர்காலத்தில், ஒரு பிப்ரவரி திங்கட்கிழமை, தவுனோ ஹ்யூவரினென் வீட்டுக்குப் போனார்கள். கூடப் போனது கிம்மோ. நாற்பது வயது, பன்னிரண்டு வருடமாக ஐலாவோடு வண்டி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன்.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. தீப்பிடித்தது சவுனாவில், அதாவது குளியலறையை ஒட்டிய நீராவி அறையில். அந்த ஊரில் இது யாரையும் ஆச்சரியப்படுத்தாது. எல்லா வீட்டிலும் சவுனா இருக்கும். வீட்டில் ஓர் ஆள் மட்டும் மிஞ்சும்போது, ஒருத்தருக்காகச் சூடேற்ற மனசு வராது. பொதுச் சவுனாவுக்குப் போக ஆரம்பிப்பார்கள். வீட்டுச் சவுனாவின் மரப்படிகளில் முதலில் ஒரு பெட்டி ஏறும், பிறகு குளிர்காலக் கோட்டு, பிறகு பனிச்சறுக்குக் கட்டைகள். கடைசியில், நீராவிக்காக மின் அடுப்பில் அடுக்கிய கற்கள் மேலேயே ஒரு பெட்டி உட்காரும். என்றாவது யாருடைய முழங்கையாவது அடுப்பின் குமிழில் படும். தீயணைப்புத் துறை வருடா வருடம் எச்சரிக்கும். எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் இன்னொரு பெட்டியை வைப்பார்கள்.

"ஐலா வீட்டு சவுனாவுல என்ன இருக்கு தெரியுமா?" என்று கிம்மோ எல்லா இடத்திலும் சொல்வான். "நூறு காலி பாட்டில், ரெண்டு சைக்கிள் சக்கரம், ஒரு கிறிஸ்துமஸ் மரம்."

"ஃபியூஸைப் பிடுங்கி வெச்சிருக்கேன்டா," என்பார் ஐலா.

தவுனோவுக்கு எழுபத்தெட்டு வயது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ஹில்க்கா இறந்து நான்கு வருடம். தீக்குப் பிறகு மகள் மெர்யா வீட்டில் தூங்கினார். ஆனால் காலையில் ஏழு மணிக்கே வந்து, சமையலறையில் ஒரு காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சவுனாவும் குளியலறையும் போய்விட்டன. மற்ற அறைகளில் கரி மட்டும்தான்.

"காப்பி மெஷினுக்கு ஒண்ணும் ஆகலை பாத்தியா?" என்றார். "எதைத் தொடக்கூடாதுன்னு நெருப்புக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

"முகத்துக்கு மாஸ்க் போடுங்க," என்றார் ஐலா.

"அப்புறம் காப்பியைக் காது வழியாவா ஊத்திக்கறது?"

கிம்மோ சிரித்தான். ஐலா ஒரு மாஸ்க்கை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கப் போனார்.

பஞ்சு இழுக்க இழுக்க தவுனோ பேசிக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை மெர்யா வந்து வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போவாள். தீப்பிடித்ததும் அப்படி ஒரு சனிக்கிழமைதான். அவள் போய் ஒன்றரை மணி நேரம் இருக்கும். இவர் பக்கத்து வீட்டுக்காரரோடு முற்றத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். ஜன்னலில் புகையைப் பார்த்தது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

"நீங்க தனியா இருக்கறப்ப சுத்தம் பண்ண மாட்டீங்களா?" என்றான் கிம்மோ.

"எனக்குத் தொடப்பம் போதும். அந்த வேக்குவம் கிளீனர் மெர்யாவோட ராஜ்ஜியம். அவளே எடுப்பா, அவளே சவுனாக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துவா. நான் தொட்டா திட்டு விழும்."

பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"தீயைப் பத்தி விசாரிக்க வந்த ஆய்வாளர், அடுப்பு போட்டிருந்துச்சுன்னு எழுதியிருக்கார். நான் போட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லைங்கறதுதான் சாட்சின்னு ஆகிப்போச்சு."

ஐலா பஞ்சைத் திருப்பிப் பிடித்தார்.

மாலையில் மெர்யா வந்தாள். ஐம்பது வயதிருக்கும்; ஒரு பள்ளிக்கூடச் சமையலறையின் பொறுப்பாளர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் ஒரு காகித உறை. முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை பிடித்து வைத்திருப்பார்கள், கையெழுத்துப் போட்டால் போதும்.

"எனக்கு வீடு இருக்கு," என்றார் தவுனோ.

"இருந்துச்சு. இப்ப பாருங்க."

"இவங்க துடைச்சுட்டா இருக்கும்."

"அப்பா, துடைக்கறதைப் பத்தியா பேசறேன்? இந்தத் தடவை நீங்க முற்றத்துல இருந்தீங்க. அடுத்த தடவை கட்டில்ல இருந்தா? ராத்திரி போன் அடிச்சா எனக்கு நெஞ்சு நின்னுடுது."

அடுப்பைப் போட்டது தான்தான் என்று தவுனோவே பாதி நம்பிவிட்டிருந்தார். உறையை வாங்கி மேசைமேல் வைத்தார்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இதில் பிரச்சினை இல்லை. கவனக்குறைவு யாருடையதானாலும் வீட்டுக்கு வேண்டிய செலவை அது ஏற்றுக்கொண்டுவிட்டது. அடுப்பை யார் போட்டார்கள் என்ற கேள்வி இரண்டே பேருக்குத்தான் மிச்சம் இருந்தது. அந்த இரண்டு பேருமே பதில் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை சவுனாவைப் பிரித்தார்கள். அடுப்பைச் சுவரிலிருந்து கழற்றுவதற்கு முன் ஐலா குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். நேரத்தைத் திருகி வைக்கும் பழைய மாதிரிக் குமிழ், அடுப்பின் அடிப்பக்கம். வைத்த நேரம் ஓடி முடிந்ததும் அது தானாகப் பூஜ்யத்துக்கு வந்து நிற்க வேண்டும். இது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தது. வெப்பத்தில் இளகி இறுகியிருந்தது. அதன் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. குமிழ் கறுப்பு. அடுப்பில் சாம்பல் நிறத்தில் எதுவுமே கிடையாது.

ஐலா வெளியே போனார். தீயணைப்பு வீரர்கள் சவுனாவிலிருந்து இழுத்துப் போட்டதெல்லாம் முற்றத்தில் குவிந்து, அதன்மேல் பனி விழுந்து கிடந்தது. மண்வாரியால் கிளறினார். கால் மணி நேரத்தில் வேக்குவம் கிளீனரின் குழாய் கிடைத்தது. அதன் சாம்பல் நிற வாயில் ஒரு மூலை பிய்ந்திருந்தது.

உள்ளே கொண்டுவந்து குமிழோடு வைத்துப் பார்த்தார். பிய்ந்த இடத்தில் சரியாக உட்கார்ந்தது. வேக்குவம் கிளீனரைச் சவுனாவுக்குள் தள்ளியபோது குழாயின் வாய் குமிழைத் திருகியிருக்கிறது. திரும்பி வரவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் குழாயை இழுத்த வேகத்தில் அந்த மூலை உடைந்து அடுப்போடு தங்கிவிட்டது. அதற்கப்புறம் வந்து பார்த்த ஆய்வாளருக்குத் தெரிந்தது, போட்டு வைத்த ஓர் அடுப்பு மட்டும்தான்.

கிம்மோ எட்டிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"ஐயய்யோ. அந்தப் பொண்ணு."

"ம்."

"ஐலா, இது நம்ம வேலை இல்லை. ஆய்வாளர் பார்த்தாச்சு, எழுதியாச்சு. நம்ம வேலை துடைக்கறது."

"துடைக்கறதுக்கு முன்னாடி படம் எடுக்கறதும் நம்ம வேலைதான்," என்று சொல்லி ஐலா மூன்று படங்கள் எடுத்தார். பிறகு குமிழைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

தவுனோ அதையும் குழாயின் வாயையும் கையில் வாங்கிச் சேர்த்துப் பார்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார். இயந்திரங்களோடு பழகிய கை, விளக்கம் தேவைப்படவில்லை. திடீரென்று முழங்காலில் அடித்துச் சிரித்தார்.

"அப்ப என் மண்டை சரியாத்தான் இருக்கு!"

"இருக்கு."

"நாலு நாளா எனக்கு என் மேலேயே சந்தேகம். காலைல ஷூ கயிறு கட்டறப்பக்கூட, சரியாத்தான் கட்டறேனான்னு ரெண்டு தடவை பாத்தேன்." மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வேக்குவம் கிளீனர் யாருடைய ராஜ்ஜியம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்ததை மெதுவாக மேசையில் வைத்தார்.

"இது மெர்யாவுக்குத் தெரியக்கூடாது."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"போட்டுடறேன் கையெழுத்தை. அங்க பொதுச் சவுனா இருக்காம். புதன்கிழமை ஆம்பளைங்களுக்கு."

"உங்களுக்கு அங்க போக வேண்டாமே."

"வேண்டாந்தான். ஆனா அடுப்பு மேல பெட்டியை வெச்சது நான். அதுக்குள்ள ஹில்க்கா தச்ச திரைச்சீலை, தூக்கிப் போட மனசு வரலை. அதனால நான்தான் போட்டேன்னு இருக்கட்டும். எனக்கு எழுபத்தெட்டு. நான் இதைச் சுமந்தா அஞ்சு வருஷமோ ஆறு வருஷமோ. அவ சுமந்தா முப்பது வருஷம்." ஐலாவை நிமிர்ந்து பார்த்தார். "நீ துடைக்கறவதானே. இதையும் துடைச்சுடு."

ஐலா இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. குவோப்பியோவில் அப்படிப் பேசாமல் இருப்பதை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். தவுனோ சரி என்று எடுத்துக்கொண்டார்.

தகப்பன் மகளுக்குக் கொடுக்க நினைத்தது ஒரு பொய். அன்பினால் சொல்லப்படுவதாலேயே பொய் சுத்தமாகிவிடுவதில்லை. ஆனால் அது அவருடைய வீடு, அவருடைய மகள், அவருடைய மிச்ச வருடங்கள். வெளியிலிருந்து வந்து துடைத்துவிட்டுப் போகிறவருக்கு அதில் என்ன உரிமை? வியாழக்கிழமை முழுக்க ஐலா சமையலறைக் கூரையைக் கழுவினார். கிம்மோ இரண்டு தடவை பேச்செடுத்தான். "வாளித் தண்ணியை மாத்து" என்ற பதில்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வேலையின் இந்தக் கட்டம் முடிந்தது. சவுனா வெறும் சிமென்ட் சுவராக நின்றது. மற்ற அறைகளில் புகை வாசனை போயிருந்தது. ஒப்படைக்கும்போது அறிக்கையில் வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். தவுனோ சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மெர்யா ஏலக்காய் ரொட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். மேசையில் ஒரு பக்கம் அறிக்கை, இன்னொரு பக்கம் முதியோர் இல்லத்தின் உறை, நடுவில் ஒரு பேனா.

"ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க," என்றாள் மெர்யா. "யாராவது வாங்கிக் குடியிருக்கலாம்."

தவுனோ பேனாவை எடுத்தார். முதலில் உறைக்குள் இருந்த தாளைத்தான் தன் பக்கம் இழுத்தார்.

அப்போது ஐலா தன் பையைத் திறந்தார். மூன்று படங்கள் அச்சடித்த தாளை எடுத்து மெர்யாவின் முன்னால் வைத்தார். அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை; உள்ளே கறுப்புக் குமிழும் சாம்பல் நிற வாயும் சேர்ந்தபடியே இருந்தன.

"ஐலா," என்றார் தவுனோ. எச்சரிக்கிற குரல்.

"கையெழுத்துக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க," என்றார் ஐலா, மகளிடம். அடுப்பு எப்படிப் போடப்பட்டது என்பதை நான்கு வாக்கியத்தில் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிறகு காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாளிகளை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

வண்டியில் கிம்மோ ஏன் என்று கேட்டான். அடுத்த வருடம் ஐலா ஓய்வு பெற்றபோதும் கேட்டான். தவுனோவே ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். ஐலா யாருக்கும் சொல்லவில்லை.