சீட்டுக்குப் போட்ட பை

1. சர்க்குலர்

வடக்கே ஏதோ ஒரு ஊரில் ரயிலில் குண்டு வெடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் டெப்போவில் சர்க்குலர் வந்தது. பஸ்ஸில் ஆளில்லாத பை இருந்தால், முதலில் "இது யாருடையது?" என்று உரக்கக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பையைத் தொடாமல் பயணிகளை இறக்கிவிட்டு, டைம் கீப்பரிடம் சொல்ல வேண்டும். கண்டக்டர்கள் எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

மறுநாள் காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆவடி வண்டி நின்றுகொண்டிருந்தது. கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. துண்டையோ பையையோ போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போவது நம் ஜனங்களின் வழக்கம்தானே. அன்றும் ஐந்தாறு சீட்டுகளில் பைகள் கிடந்தன. தொப்பி போட்ட ஒருவர் ஏறிப் பின் சீட்டில் காக்கிப் பை ஒன்றை வைத்தார். போனில் சலாம் சொல்லிவிட்டு, "குண்டு பையிலதான் கீது. நீ ஆள கூட்டிகினு வந்துடு, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று பேசிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டைம் கீப்பரிடம் ஓடினேன். "சார், ஒரு பாய் வண்டில குண்டு வெச்சிட்டுப் போறான்" என்றேன்.

டிரைவர் ஏழுமலை மட்டும், "இன்னாபா, மத்த பைலாம் ஆரு வெச்சது?" என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டீயைக் குடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பிய அந்த மனிதரைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. போலீஸ் வருவதற்குள் சட்டை கிழிந்து, வாயில் ரத்தம். பிறகு வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பையைத் திறந்தார்கள். சாந்து பூசும் கரண்டி, மட்டப்பலகை, சாப்பாட்டு டப்பா, நூல் சுற்றிய தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார்கள் தொங்கவிட்டுப் பார்க்கும் குண்டு அது.

என் அப்பாவும் கொத்தனார்தான். எங்கள் வீட்டிலும் அதைக் குண்டு என்றுதான் சொல்வோம். வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் எனக்குச் சரியாகத்தான் காதில் விழுந்திருக்கும். வெட்கக்கேடு.

2. அதற்குப் பிறகு

அவர் பெயர் காதர். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஆனால் அவரை அடித்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. விட்டுவிட்ட செய்தி சுற்றவில்லை. மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். மேனாம்பேட்டில் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இதெல்லாம் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து அவர் என் வண்டியில் ஏறினார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். டிக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆவடியில் எல்லோரும் இறங்கும்போது, அவர் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் கறுப்புப் பை ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். அவருடைய பை அவர் தோளில் இருந்தது. இந்தத் தடவை உரக்கக் கேட்டேன். முன்னால் இறங்கிப் போன ஒரு அம்மா, "ஐயோ, எங்களுதுங்க" என்று ஓடிவந்தார். உள்ளே தைக்கக் கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டுகள்.

காதர் படியோரம் நின்றிருந்தார்.

"நீங்க பாக்கலயா பாய்?"

"பூந்தமல்லிலேர்ந்தே பாத்துகினுதான் வந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வண்டி நெறைய ஜனம்."

"நானுந்தான் அதுல இருந்தேன், கண்டக்டரே. காலு ரெண்டும் நடுங்கிகினே வந்துச்சு. சொன்னா மொதல்ல ஆர புடிப்பீங்க?"

"வேற சீட்டுக்காவது போயிருக்கலாமே."

"பைய வெச்சிட்டு எய்ந்து போறான்னு சொல்லுவீங்க."

அவர் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். குண்டு வைக்கிற ஒருவனையும் என் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆளில்லாத பையைப் பார்த்ததும் ஓடிவந்து சொல்லியிருக்கக்கூடிய ஒரு மனிதரின் வாயை மட்டும் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களே, முதலில் கேளுங்கள். அதைச் சொன்ன காகிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது.