கயிற்றின் மறுமுனை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் தூத்துக்குடிக் கப்பல் கம்பெனி ஒன்றில் அவர் தொழிலாளர் அதிகாரி. நான் அவருடைய குமாஸ்தா. அவருக்குப் பாதி மூடிய கண்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். கல்லூரியில் வணிகம் கற்பிக்கப் போனவர், ஒரே வருடத்தில் கம்பெனிக்கே திரும்பியிருந்தார். முத்துக்குளிக்கும் கயிற்றுத் துண்டொன்றை விரலில் சுற்றியபடியே இருப்பார்.

"ஏன் சார் திரும்பி வந்துட்டிய?"

"அங்கன பாடம் நடத்துனா துறைமுகத்து ஆளுக முகந்தான் தெரியுது. இங்கன ஆள் எடுத்தா வகுப்பு ஞாபகம் வருது, வே."

முத்துக்குளிப்பவன் தன் கயிற்றைப் பிடிக்கும் ஆளைத் தானே தேர்ந்தெடுப்பான். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பான், மேலே இருப்பவன் தூக்கிவிடுவான்.

மறுபடி கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, அந்தக் கயிற்றை என் கையில் வைத்தார். "நீரு பிடிச்சுக்கிடும்."

அவர் திரும்பவில்லை. கயிறு என் வீட்டு ஜன்னலில் தொங்குகிறது. கடற்காற்றில் லேசாக அசைந்தாலும், எழுந்துபோய் வாசலைப் பார்க்கிறேன்.